பம்பாஸ் புல்லும் முருங்கை மரமும்

நீங்கள் கேட்டது இது: ஏற்காட்டில் சின்னதாக ஒரு விருந்தினர் இல்லம் நடத்துகிறீர்கள். கேட்டுக்கு இரண்டு பக்கமும் பம்பாஸ் புல் வைத்தீர்கள். அது ஆளுயரம் தாண்டி வளர்ந்து, வெள்ளை வெளேரென்று கொண்டை விட்டு நிற்கிறது. இங்கிலாந்திலிருந்து வந்து தங்கிய ஒரு தம்பதி அதைப் பார்த்துத் தங்களுக்குள் சிரித்துக்கொண்டு படமும் எடுத்தார்கள். அப்புறம் உங்கள் மகன் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு, காரணத்தை முழுசாகச் சொல்லவும் கூச்சப்பட்டு, "முதல்ல அதைப் பிடுங்கிடலாம்மா" என்கிறான். பிடுங்கத்தான் வேண்டுமா, வேறு செடிகளுக்கும் இப்படி நமக்குத் தெரியாத அர்த்தம் உண்டா, வாசலுக்கு வேறென்ன வைக்கலாம் என்று மூன்று கேள்விகள்.

அந்தச் சிரிப்புக்குப் பயந்து பிடுங்க வேண்டியதில்லை. ஆனால் கேட்டோரத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். அதற்குக் காரணம் வேறு, கீழே சொல்கிறேன். சேலத்தில் நர்சரி வைத்து, மலைக்கும் கீழுக்குமாகச் செடி ஏற்றி இறக்கியே காலம் போனவன் நான். செடியோடு சேர்ந்து அதைப் பற்றிய ஊர்ப்பேச்சும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த விஷயம். வீட்டின் முன்புறத் தோட்டத்தில் பம்பாஸ் புல் இருந்தால், அந்த வீட்டுத் தம்பதி மற்றத் தம்பதிகளோடு துணை மாற்றிக்கொள்ள விருப்பம் உள்ளவர்கள் என்று அர்த்தம், புல் அதற்கான ரகசிய அடையாளம் என்று பிரிட்டனில் பல காலமாக ஒரு பேச்சு உண்டு. தென் அமெரிக்கப் புல்வெளிகளைச் சேர்ந்த இந்தப் புல் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களுக்கு வந்தது. 1970களில் பிரிட்டனின் புறநகர் வீடுகளில் இதை வைப்பது ஒரு மோஸ்தராகவே இருந்தது. துணை மாற்றும் விருந்துகள் பற்றி அங்கே உலவும் கதைகளும் பெரும்பாலும் அந்தப் பத்தாண்டைச் சுற்றியவைதாம். இரண்டும் எப்போது, எப்படி ஒட்டிக்கொண்டன என்று யாராலும் சொல்ல முடியவில்லை. உண்மையிலேயே யாராவது இதை அடையாளமாக வைத்தார்கள் என்பதற்கு உருப்படியான ஆதாரமும் கிடையாது. ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. இந்த வதந்தியால் புல் விற்பனை படுத்துவிட்டது என்று அங்குள்ள நர்சரிக்காரர்கள் புலம்பியது பத்திரிகைகளிலேயே வந்திருக்கிறது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

கொஞ்சம் யோசித்தால் இதில் உள்ள ஓட்டை தெரியும். ரகசியமாக ஒரு சேதி சொல்ல நினைக்கிறவர், பத்தடி உயரம் கொண்டை விடுகிற, மனசு மாறினால் கடப்பாரை போட்டுத்தான் பெயர்க்க முடிகிற ஒரு புல்லையா தேடிப் பிடித்து நடுவார்? போன வாரம் வரைக்கும் விருப்பம், இந்த வாரம் இல்லை என்றால் புல்லை என்ன செய்வது? உங்கள் விருந்தினர்களுக்கு உங்கள் மேல் சந்தேகம் எதுவும் இருந்திருக்காது. தங்கள் ஊரில் கேட்டுப் புளித்த ஒரு ஜோக் இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வந்து நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பு வந்திருக்கும். நம்மூர் ஆளுக்கு அது நாணல் மாதிரி ஏதோ ஒன்று, அவ்வளவுதான். சொல்லப்போனால் இப்போது சேலத்துக் கல்யாண மண்டபங்களில் வரவேற்பு மேடைக்கே காய்ந்த பம்பாஸ் கொண்டையைத்தான் கொத்துக் கொத்தாகச் செருகுகிறார்கள். பிரிட்டன் பேச்சு தெரிந்தவர் யாராவது அந்த மேடையில் ஏறி மொய்க்கவர் கொடுத்தால் அவர் முகம் எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததுண்டு.

(உங்கள் கேட்டுத் தூணின் உச்சியில் சிமென்டில் அன்னாசிப்பழம் வைத்திருந்தால் அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அன்னாசி விருந்தோம்பலின் சின்னம், பெரிய வீடுகளின் தூண்களில் கல்லில் செதுக்கி வைப்பார்கள். அதையே தலைகீழாக மாட்டினால் பம்பாஸ் புல்லுக்குச் சொல்லும் அதே அர்த்தத்தை இப்போது சொல்கிறார்கள். நிமிர்ந்து நிற்கும்வரை கவலையில்லை.)

இதையே மாற்றிப் போட்டுப் பாருங்கள். பூவையோ செடியையோ உண்மையிலேயே ரகசியக் குறியாகப் பயன்படுத்தியவர்கள் என்ன செய்தார்கள்? 1892இல் லண்டனில் தன் நாடகம் முதன்முதலில் மேடையேறிய அன்று, ஆஸ்கர் வைல்ட் தன் நண்பர்களைக் கோட்டில் பச்சைச் சாயம் ஏற்றிய கார்னேஷன் பூவைச் செருகிக்கொண்டு வரச் சொன்னார். ஆண்களை நேசிக்கும் ஆண்களின் அடையாளமாகப் பிற்பாடு அந்தப் பச்சைப் பூ பேர் வாங்கியது. வெளியே தெரிந்தால் சிறை என்றிருந்த காலம் அது. 1895இல் வைல்டே சிறைக்குப் போனார். அந்தக் குறியில் ஒரு வசதி இருந்தது. வேண்டும்போது செருகலாம், ஆபத்து என்றால் பிடுங்கி எறிந்துவிட்டுப் போகலாம்.

செடிகளைப் பற்றிய ஊர்ப்பேச்சில் எது உண்மையான குறி, எது வெறும் பேச்சு என்று பிரிக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். பறித்தோ வெட்டியோ ஓரிடத்தில் வைத்தால் அது பெரும்பாலும் சேதி. வைத்தவருக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும், வேலை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். வேரோடு நிற்கும் செடிக்குச் சொல்லப்படும் அர்த்தம் பெரும்பாலும் பார்ப்பவர் தலையில் இருப்பது, நட்டவருக்கு அதில் பங்கே இல்லை. இதற்கு விலக்கும் உண்டு, அதற்கு வருகிறேன்.

வேப்பமரத்தைப் பாருங்கள். வீட்டு முன்னால் வேப்பமரம் நின்றால் யாரும் எதுவும் நினைப்பதில்லை, நிழல், காற்று, அவ்வளவுதான். அதே மரத்தில் ஒரு கொத்தை ஒடித்து நிலைப்படியில் செருகினால் தெருவே படித்துவிடும்: இந்த வீட்டில் அம்மை போட்டிருக்கிறது. சேலத்தில் குகை, அம்மாப்பேட்டை பக்கம் பழைய தெருக்களில் இதை இன்றைக்கும் பார்க்கலாம். பால்காரர் வழக்கமாக உள்ளே எட்டிப் பார்த்துக் குரல் கொடுக்கிறவர், அன்றைக்குப் படியிலேயே வைத்துவிட்டுப் பேசாமல் நகர்வார். பக்கத்து வீட்டம்மா கறிவேப்பிலை கேட்டு வரமாட்டார். தாளிக்கிற வாசனை தெருவுக்கு வராது. ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர் கொத்தைப் பார்த்ததும் வாசலோடு திரும்பி வேறு வீட்டில் போய்த் தங்குவார், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்ததும் கொத்து இறங்கிவிடும். பெரியம்மையை இந்தியாவிலிருந்து விரட்டியாயிற்று, கடைசி நோயாளி 1975இல். ஆனாலும் சின்னம்மைக்கு இந்த வேப்பிலை அறிவிப்பு அப்படியே நீடிக்கிறது. தொற்றுள்ள வீட்டுக்குள் போகாதே என்று இதைவிடச் சுருக்கமாக எந்தச் சுகாதாரத் துறையும் எழுதிவிட முடியாது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டால் சேலம் முழுக்க வேப்பிலைதான். தெருவுக்குத் தெரு கயிறு கட்டி வேப்பிலைத் தோரணம், மைக் செட், கூழ். அப்போது ஒரு வீட்டில் அம்மை என்றால் எப்படித் தெரியும்? தோரணம் தெருவுக்குப் பொது, கொத்து ஒரு வீட்டுக்கு மட்டும். உள்ளூர்க்காரருக்கு இதில் குழப்பமே வராது. வெளியூர்க்காரருக்கு இரண்டும் பச்சை இலை.

அடுத்து, பம்பாஸ் புல்லுக்கு நம்மிடம் சரியான ஜோடி எது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு முருங்கை என்பேன். 1983இல் வந்த பாக்யராஜின் 'முந்தானை முடிச்சு' படத்தில் முருங்கைக்காயை வைத்து ஒரு குறும்பு வந்தது. படம் பெரிய ஓட்டம். முருங்கைப் பூவையும் பிசினையும் ஆண்மைக்கு நல்லது என்று நாட்டு வைத்தியத்தில் அதற்கு முன்பும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அது தாத்தாக்கள் குரலைத் தாழ்த்திப் பேசும் சமாச்சாரம். படத்துக்குப் பிறகு அது ஊர் ஜோக் ஆகிவிட்டது. புதுசாகக் கல்யாணமானவன் காய்க் கடையில் ஒரு கட்டு முருங்கைக்காய் கேட்டால் கடைக்காரரிலிருந்து பக்கத்தில் நிற்கிற பாட்டி வரைக்கும் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அவன் வாங்க வந்தது சாம்பாருக்கு. படத்தைப் பார்க்காத, அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும் ஜோக் தெரிகிறது, எங்கிருந்து வந்தது என்றுதான் தெரிவதில்லை.

உங்கள் விருந்தினர் யாராவது லண்டனில் வீட்டுப் பின்புறம் கண்ணாடிக் கூடம் கட்டி, உடம்புக்கு நல்லது என்று முருங்கை வளர்க்கிறார் என்று வையுங்கள். இப்போது முருங்கைப் பொடிக்கு உலகம் முழுக்கக் கிராக்கி, அதனால் நடக்காத விஷயமில்லை. அவர் வீட்டுக்கு நீங்கள் போய், அதைப் பார்த்து, உங்கள் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பீர்களா மாட்டீர்களா? அதே சிரிப்புத்தான் உங்கள் கேட்டில் நடந்தது. அவர் வீட்டு முருங்கைக்கும் அவருக்கும் அந்தச் சிரிப்பில் எந்தப் பங்கும் இல்லை. மல்லிகைப் பூவும் அல்வாவும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற கணவனையும் இப்படித்தான் நம் சினிமா குட்டிச்சுவர் ஆக்கி வைத்திருக்கிறது.

முருங்கையை வீட்டு முன்னால் வைக்காதே, பேய் வரும் என்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீடு கட்டுகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது அதைத்தான். வேதாளம் முருங்கை மரம் ஏறியது ஒரு பக்கம் இருக்கட்டும். முருங்கைக் கிளை சட்டென்று முறியும். பையன்கள் ஏறினால் கையோ காலோ போகும். பருவம் வந்தால் மரம் பூரா கம்பளிப் பூச்சி அப்பிக்கொள்ளும், உடம்பில் பட்டால் தடித்துப்போகும். வாசலில் வைக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதும். ஆனால் 'கம்பளிப் பூச்சி வரும்' என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்? பேய் என்றால் கேட்கும். பின்பக்கம் கிணற்றடியில் தாராளமாக வைக்கலாம்.

அரளி விஷயம் கொஞ்சம் கனமானது. சேலத்துக்காரராக இருந்தால் பனமரத்துப்பட்டி அரளியைத் தெரியாமல் இருக்காது. விடிவதற்கு முன்பே டார்ச் வெளிச்சத்தில் செடி செடியாகப் போய் மொட்டாகப் பறிப்பார்கள். வெயில் ஏறி மலர்ந்துவிட்டால் விலை போகாது. வெள்ளை, ரோஸ், சிவப்பு என்று தனித்தனியாகக் கூடையில் கட்டி வெளியூர்களுக்குப் போகும். அம்மனுக்கும் காளிக்கும் முருகனுக்கும் மாலை என்றால் இந்தப் பூதான். இவ்வளவு பூ விளைகிற அதே ஊர்க்காரரிடம் வீட்டு வாசலில் ஒரு அரளி வைக்கட்டுமா என்று கேட்டுப் பாருங்கள், "வேண்டாங்க, ஆகாது" என்பார். சாமிக்கு ஆகும், வீட்டுக்கு ஆகாது. இலை, பட்டை, வேர் எல்லாமே இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு. ஆடு மாடு வாய் வைக்காது. நான்குவழிச் சாலைகளின் நடுத்திட்டில் மைல் கணக்கில் இதை நட்டிருப்பதற்கும் அது ஒரு காரணம். கூம்பு மாதிரி மஞ்சள் பூ விடுகிற பொன்னரளி வேறு செடி, அதன் விதை இன்னும் கொடியது. கிராமத்தில் 'அரளி விதை' என்கிற இரண்டு சொல்லைக் கேட்டாலே பெரியவர்கள் முகம் மாறும். ஒவ்வொரு ஊரிலும் அதற்கு ஒரு துக்கம் இருக்கிறது. பெங்களூரிலிருந்து வருகிற விருந்தினருக்கு அது அழகான மஞ்சள் பூ. உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவுக்கு அது வேறு. ஜப்பானில் ஹிரோஷிமா நகரத்தின் பூவே அரளிதான். 1945இல் குண்டு விழுந்து கருகிய மண்ணில் சீக்கிரமாகப் பூத்தது என்பதற்காக அதைக் கொண்டாடுகிறார்கள். எதற்கும் அசையாத செடி என்பது இங்கேயும் அங்கேயும் ஒன்றுதான், அதை வைத்து இரண்டு ஊரும் சொல்லிக்கொள்வது வேறுவேறு.

எருக்கு இதைவிடச் சுவாரசியம். சங்க காலத்தில் காதலித்த பெண் கிடைக்காதவன் பனை மட்டையில் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு தெருவில் வருவான். மடலேறுதல் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். பூ என்றால் மல்லிகையோ முல்லையோ சூட வேண்டியவன், யாரும் சூடாத எருக்கைச் சூடி வருகிறான் என்றால் வெட்கத்தை விட்டுவிட்டான் என்று ஊருக்குப் புரியும். பறித்துச் சூடியது, ஆகவே சேதி. தரையில் நிற்கும் எருக்குக்கோ காலத்துக்கு ஒரு பேச்சு. "உன் வீட்டில் எருக்கு முளைக்க" என்பது சாபம், வீடு பாழாகி ஆளில்லாமல் போகட்டும் என்று அர்த்தம். இடிந்த சுவரில் முதலில் வருகிற செடிகளில் எருக்கும் ஒன்று என்பதால் வந்த பேச்சு அது. அதே எருக்கில் வெள்ளைப்பூ வகை என்றால் காசு கொடுத்து வாங்கிப்போய் வாசலில் நடுகிறார்கள், பிள்ளையாருக்கு உகந்தது, திருஷ்டி அண்டாது என்று. என் நர்சரியிலேயே வெள்ளெருக்கு கேட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்கள் மனைக்கு வெளியே சாலையோரம் ஊதாப்பூ எருக்கு வஞ்சனையில்லாமல் வளர்ந்து நிற்கும், அதை ஆள் வைத்து வெட்டச் சொல்வார்கள். எருக்கம்பூ நல்ல பூவிலும் சேராது, கெட்ட பூவிலும் சேராது, ஆனாலும் ஒருவன் கொடுத்தால் கடவுள் வேண்டாம் என்று சொல்வதில்லை என்று புறநானூற்றில் பாரியைப் பாடும்போது கபிலர் சொல்கிறார். ஊர்ப்பேச்சை இவ்வளவு நிதானமாக ஒதுக்கியவர் வேறு யாரும் இல்லை.

இப்போது விலக்கு. ஒரு குறி பல காலம் நிலைத்து நிற்க வேண்டும் என்றால் அதற்கு வேரோடு நிற்கும் செடிதான் வசதி. எல்லையும் கல்லறையும் அப்படிப்பட்டவை. கொங்குப் பக்கம் மேய்ச்சல் காட்டைச் சுற்றி முள்கிளுவை வேலி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அண்ணன் தம்பி பாகம் பிரித்த கதையைப் பத்திரத்தில் படிப்பதைவிட அந்த வேலியில் சுலபமாகப் படித்துவிடலாம். நாம் வராந்தா மூலையில் தொட்டியில் வைக்கிற டிரசீனா இருக்கிறதே, அதன் இனத்தை ஆப்பிரிக்காவில் கிளிமாஞ்சாரோ மலைச்சரிவில் வாழும் 'சாகா' என்னும் மக்கள் நில எல்லையில் நடுகிறார்கள். தப்புச் செய்தவர் அதன் இலையோடு போய் நின்றால் மன்னிப்புக் கேட்கிறார் என்று அர்த்தம், எதிராளி சுலபமாக மறுக்க முடியாது. கவனித்தீர்களா, நட்டால் எல்லை, ஒடித்துக் கொண்டுபோனால் மன்னிப்பு. என் அளவுகோல் அங்கேயும் செல்லுபடியாகிறது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

கல்லறைச் செடிகளில் உங்களுக்கு வேண்டியது இரண்டுதான். ஒன்று, ரிசார்ட்டுகளில் எல்லாம் வைக்கிற ஈழத்தலரி, நர்சரியில் புளுமேரியா என்று கேட்பார்கள். மலேசியாவில் அது கல்லறைத் தோட்டத்து மரம். ராத்திரியில் அதன் வாசனை வந்தால் பெண் பேய் பக்கத்தில் நிற்கிறது என்று நம்புகிறவர்கள் அங்கே உண்டு. சேலத்துக்காரர்கள் பலருக்கு மலேசியாவில் சொந்தம் இருக்கிறது, அப்படி வருகிறவர்களைப் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே அந்த மரம் நிற்கிற அறையில் போடாதீர்கள். பாலியில் அதே பூவைச் சாமிக்கு வைக்கிறார்கள், ஹவாயில் விருந்தாளிக்கு மாலையாகப் போடுகிறார்கள், அதனால் மரத்தை வெட்ட வேண்டியதில்லை. இரண்டாவது சாமந்தி. ஆயுத பூஜைக்கு நாம் லாரி லாரியாக இறக்குகிற சாமந்தி இனம் பிரான்சிலும் இத்தாலியிலும் நவம்பர் தொடக்கத்தில் கல்லறைக்குக் கொண்டுபோகிற பூ. அந்த ஊர்க்காரர் வந்திருக்கும்போது அறையில் சாமந்திக் கொத்து வைத்தால் மூஞ்சியைச் சுளிக்காமல் இருப்பது அவருடைய நல்ல குணம்.

மணி பிளாண்ட் திருடி வைத்தால்தான் வளரும் என்பதைப் பற்றியும் எழுதலாம்தான். நர்சரி வைத்திருப்பவனுக்கு அந்த நம்பிக்கை மேல் பிரியம் இருக்க நியாயமில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

சரி, உங்கள் பம்பாஸ் புல்லை ஏன் எடுக்கச் சொன்னேன்? முதல் காரணம் அதன் இலை. விளிம்பு ரம்பம் மாதிரி, கை பட்டால் கிழிக்கும். கேட்டோரத்தில் பெட்டி தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் ஓடுகிற குழந்தைகளும் உரசாமல் போக முடியாது. இரண்டாவது, அடியில் காய்ந்த இலை வருடக்கணக்கில் மூட்டை மூட்டையாகச் சேரும். மாசி, பங்குனியில் சேர்வராயன் மலைச்சரிவில் காட்டுத்தீ எப்படிப் பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு சிகரெட் துண்டு போதும். மூன்றாவதுதான் முக்கியம். அந்த வெள்ளைக் கொண்டை முழுக்கக் காற்றில் பறக்கிற விதை. பெண் செடியாக இருந்து, பக்கத்தில் மகரந்தம் கொடுக்க இன்னொரு செடியும் இருந்தால் விதை லட்சக்கணக்கில் போகும். கலிபோர்னியா, நியூசிலாந்து, வட ஸ்பெயின் கடற்கரை என்று மூன்று இடங்களிலும் இது தோட்டத்தை விட்டு வெளியேறி உள்ளூர்ச் செடிகளை அமுக்கிக்கொண்டிருக்கிறது. நியூசிலாந்தில் விற்கவே கூடாது. அழகுக்கென்று இந்தியாவுக்குக் கொண்டுவந்த உண்ணிச்செடி இந்த மலையில் என்ன செய்திருக்கிறது என்று தெரிந்தவர்கள் இன்னொன்றை வரவேற்க மாட்டார்கள்.

உடனே முடியாது என்றால், கொண்டை விரிந்து பஞ்சாவதற்கு முன்பே அறுத்துவிடுங்கள். அறுத்த கொண்டையைச் சேலத்தில் மேடை அலங்காரக்காரர்கள் வாங்கிக்கொள்ளலாம், கேட்டுப் பாருங்கள். எடுக்கும்போது கனமான கையுறை, முழுக்கைச் சட்டை. முதலில் இலையை முழங்கால் உயரத்துக்கு அறுத்துவிட்டு, மழை பெய்து மண் இளகிய பிறகு சுற்றிலும் தோண்டி வேர்க்கட்டையோடு எடுக்க வேண்டும். பாதி விட்டால் திரும்ப வரும். கொளுத்த வேண்டாம்.

அந்த இடத்துக்கு என்ன வைக்கலாம்? நிறையப் பேர் ஏற்காட்டில் எக்காளம் மாதிரித் தலைகீழாகத் தொங்குகிற பெரிய பூச்செடியை வைக்கிறார்கள், மாலையில் வாசனையும் அள்ளும். அது ஊமத்தைக்குச் சொந்தம், அத்தனை பாகமும் விஷம். குழந்தைகளோடு விருந்தினர் வருகிற வீட்டில் அதுவும் பொன்னரளியும் வேண்டாம், இருந்தால் வேலி ஓரத்துக்குத் தள்ளுங்கள். ஹைட்ரேஞ்சியா அங்கே நன்றாக வரும், மண் புளிப்பாக இருந்தால் நீலமாகவே பூக்கும். ஆனால் என்னைக் கேட்டால் கேட்டுக்கு இரண்டு பக்கமும் காபிச் செடி வைக்கச் சொல்வேன். 1820 வாக்கில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த செடி அது. கீழேயிருந்து வருகிறவர்களில் பாதிப்பேர் தினம் மூன்று வேளை குடித்தும் செடியைப் பார்த்திருக்க மாட்டார்கள். அரபிகா நாற்றாக வாங்குங்கள். முழு வெயிலில் இலை மஞ்சளாகும், அதனால் உள்ளே தள்ளி ஒரு சில்வர் ஓக் நிழல் விழுகிற மாதிரி வையுங்கள், அந்த ஓக்கில் மிளகுக் கொடியும் ஏற்றலாம். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்து ஒரு வாரம் பத்து நாளில் கிளை முழுக்க வெள்ளையாகப் பூக்கும், இரண்டு மூன்று நாள்தான் நிற்கும், வாசனை மல்லிகையை ஒட்டி இருக்கும். கார்த்திகை வாக்கில் பழம் சிவக்கத் தொடங்கும். தலை தட்டி ஐந்தடியில் நிறுத்திவிட்டால் பறிப்பதற்கும் சுலபம், கேட்டையும் மறைக்காது. நாற்று நட ஆனி, ஆடி சரியான சமயம், அதற்குள் புல்லைத் தோண்டி, குழியை ஆற விட்டு, மக்கின சாணம் போட்டு வையுங்கள்.